சிகிச்சையாளர்களின் பணிச்சோர்வும் படைப்புச் செயல்பாடும்

உளச்சிகிச்சையாளர்கள், மனநல மருத்துவர்கள், உளவள ஆலோசகர்கள் ஆகியோர் பிறருடைய துயரத்தைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆண்டுக்கணக்கில் அதைச் செய்யும்போது அவர்களுக்கு உடலிலும் மனத்திலும் உண்டாகும் தளர்ச்சி பணிச்சோர்வு எனப்படுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பர்ன்-அவுட்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் எரிந்து தீர்தல். எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகுவதுபோல, பிறருக்குக் கொடுப்பதற்கு உள்ளே எதுவும் மிஞ்சாத நிலையை அச்சொல் குறிக்கிறது.

இச்சொல் 1974-ஆம் ஆண்டில்தான் உளவியல் துறைக்குள் வந்தது. ஆனால் சிகிச்சையாளர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தளர்ந்திருக்கிறார்கள், மீண்டும் இருக்கிறார்கள். அவ்வாறு மீண்டவர்களில் சிலர் கல், வண்ணம், இசை, எழுத்து, சொந்தக் குரல் ஆகியவற்றின் துணையை நாடினர். அவர்கள் செய்தவை பெரும்பாலும் விற்பனைக்கோ பாராட்டுக்கோ செய்யப்பட்டவை அல்ல. நோயாளி இல்லாத, குணப்படுத்த வேண்டிய கடமை இல்லாத ஓர் இடத்தை அவை அவர்களுக்கு அளித்தன. அந்த வரலாற்றின் முக்கியமான கட்டங்களையும், படைப்புச் செயல்பாடு எந்த அளவுக்கு உதவும், எங்கே போதாமல் போகும் என்பதையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

யுங்கின் நெருக்கடி

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் குஸ்டாவ் யுங் 1875-இல் பிறந்தார். 1900 முதல் 1909 வரை சூரிக் நகரிலுள்ள புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் சூரிக் ஏரிக்கரையில் கூஸ்நாக்ட் என்னும் ஊரில் வீடு கட்டிக்கொண்டு, அங்கேயே நோயாளிகளைப் பார்த்துவந்தார். உளப்பகுப்பாய்வின் நிறுவனரான சிக்மண்ட் ஃபிராய்டை 1907-இல் சந்தித்தார். ஃபிராய்ட் அவரைத் தம் வாரிசாகவே கருதினார். கருத்து வேறுபாடுகள் முற்றியதால் 1913-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த நட்பு முறிந்தது. 1914-இல் யுங் பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவர் பதவியையும் சூரிக் பல்கலைக்கழக விரிவுரையாளர் பணியையும் விட்டு விலகினார்.

ஆசானாக மதித்த நண்பர், சங்கம், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப்போன காலம் அது. நோயாளிகள் மட்டும் தொடர்ந்து வந்தனர். அக்காலத்தில் அவர் வாரத்தில் 5 நாட்கள், பெரும்பாலும் நாளொன்றுக்கு 5 முதல் 7 பேர் வரை பார்த்தார். 1913 அக்டோபரில் ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, ஐரோப்பாவை வெள்ளம் மூடுவதுபோலவும் அது குருதியாக மாறுவதுபோலவும் ஒரு காட்சி அவருக்குத் தோன்றியது. தாம் மனநோய்க்கு ஆளாகிறோமோ என்று அவர் அஞ்சினார். மனநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்த ஒருவருக்கு இந்த அச்சம் எவ்வளவு கொடியதாக இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

யுங்கின் நெருக்கடியை இன்றைய பொருளில் பணிச்சோர்வு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நட்பின் முறிவு, நடுவயதின் கேள்விகள், போருக்கு முந்தைய ஐரோப்பாவின் பதற்றம் எல்லாம் அதில் கலந்திருந்தன. ஆயினும், ஒரு சிகிச்சையாளர் தம் பணியை நிறுத்தாமலேயே தம்மை மீட்டுக்கொண்ட முறை இவ்வளவு விரிவாகப் பதிவான நிகழ்வுகள் மிகச் சிலவே.

கற்களும் செந்நூலும்

தமக்குத் தெரிந்த உளவியல் விளக்கங்கள் எதுவும் உதவாதபோது, யுங் தம் சிறுவயதை எண்ணிப் பார்த்தார். பத்து, பதினொரு வயதில் கற்களை அடுக்கிச் சிறு வீடுகளும் கோட்டைகளும் கட்டி விளையாடியது நினைவுக்கு வந்தது. அந்த விளையாட்டில் இருந்த உயிர்ப்பு தம்மிடம் இப்போது இல்லை என்று உணர்ந்தார். எனவே வளர்ந்த மனிதராக, பெயர்பெற்ற மருத்துவராக இருந்தும், ஏரிக்கரையில் கற்களைப் பொறுக்கிச் சிறிய கிராமம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மதிய உணவு முடிந்ததும் கற்களோடு அமர்வார். நோயாளி வரும் நேரத்தில் எழுந்து செல்வார். மாலையில் வேலை சீக்கிரம் முடிந்தால் மீண்டும் கரைக்கு வருவார். தொடக்கத்தில் இது அவருக்கு வெட்கமாகவே இருந்தது. எனினும் கைகள் வேலை செய்யும்போது எண்ணங்கள் தெளிவதைக் கண்டார்.

1913 நவம்பர் முதல் தம் மனக்காட்சிகளை அவர் குறிப்பேடுகளில் எழுதினார். அவை ‘கருப்பு நூல்கள்’ எனப்பட்டன. பிறகு, செந்நிறத் தோல் அட்டையிட்ட பெரிய ஏடு ஒன்றில் அவற்றை அழகிய பழங்கால எழுத்தில் படியெடுத்து, வண்ண ஓவியங்களும் தீட்டினார். ‘லிபர் நோவஸ்’, அதாவது புதிய நூல் என்று அவர் பெயரிட்ட அந்த ஏடு ‘செந்நூல்’ என்றே பரவலாக அறியப்படுகிறது. பகலில் நோயாளிகளைப் பார்ப்பதும் மாலையில் இந்த ஏட்டின்முன் அமர்வதுமாகப் பல ஆண்டுகள் சென்றன. 1917-இல் ஷாத்தோ-தே என்னும் ஊரில், சுவிட்சர்லாந்தில் தங்கவைக்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் படையினரின் முகாமுக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, நாள்தோறும் சிறிய வட்ட வடிவப் படம் ஒன்றை வரைந்தார். அன்றன்றைய மனநிலை அந்த வட்டத்தில் தெரிவதை அவர் கவனித்தார். இவ்வடிவங்களுக்குப் பின்னர் அவர் வைத்த பெயர் ‘மண்டலா’ என்னும் வடமொழிச் சொல்.

தாம் செய்வது கலை என்று உள்மனக் குரலொன்று சொன்னதாகவும், அதைத் தாம் ஏற்க மறுத்ததாகவும் யுங் பதிவு செய்திருக்கிறார். கலை என்று ஏற்றால் அதை மெருகேற்றவும் பிறருக்குக் காட்டவும் மனம் விழையும். அப்போது அதிலுள்ள உண்மை விலகிவிடும் என்று அவர் கருதினார். ஏறத்தாழ 1930 வரை செந்நூல் பணி தொடர்ந்தது. பிறகு அதை முடிக்காமலே விட்டார். 1959-இல் மீண்டும் எடுத்து ஒரு பின்னுரை எழுதத் தொடங்கினார். அதுவும் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோனது. யுங் 1961-இல் காலமானார். நெடுங்காலம் வெளியாரின் கண்ணில் படாமல் இருந்த அந்த ஏடு, சோனு சம்தாசானியின் பதிப்பில் 2009-இல்தான் அச்சில் வந்தது.

செந்நூலுக்கு அப்பாலும் கைவேலை அவர் வாழ்க்கையில் நீடித்தது. 1923-இல் தாயார் இறந்தபின், சூரிக் ஏரியின் மேற்பகுதியில் போலிங்கன் என்னும் இடத்தில் கல்லால் ஒரு கோபுர வீட்டைக் கட்டத் தொடங்கினார். அங்கே மின்சாரமோ குழாய் நீரோ இல்லை. யுங்கே விறகு பிளந்தார், நீர் இறைத்தார், அடுப்பு மூட்டிச் சமைத்தார். 1955-இல் மனைவி எம்மா இறந்த பிறகும் அவர் அந்த வீட்டை மேலும் உயர்த்திக் கட்டினார். ஒவ்வோர் இழப்புக்குப் பின்னரும் அவர் கல்லை நாடியது தெரிகிறது.

தாம் கண்ட வழியைப் பிறருக்கும் அவர் கற்பித்தார். மனத்தில் எழும் உருவங்களோடு விழிப்புநிலையில் உரையாடி, அவற்றை எழுதியும் வரைந்தும் வைக்கும் முறைக்கு ‘செயல்படு கற்பனை’ என்ற பொருள்படப் பெயரிட்டார். தம்மிடம் வந்த அமெரிக்கப் பெண்மணியான கிறிஸ்டியானா மார்கனிடம், மனக்காட்சிகளை அழகாகக் கட்டப்பட்ட ஏடொன்றில் வரைந்து வைக்குமாறு 1926-இல் கூறினார். மார்கன் பிற்காலத்தில் ஹென்றி மர்ரேயுடன் இணைந்து, படங்களைக் காட்டிக் கதை சொல்லச் செய்யும் புகழ்பெற்ற உளவியல் சோதனையை உருவாக்கினார்.

ஓய்வு யாருக்குக் கிடைத்தது?

யுங்கின் மீட்சியைப் பற்றிப் பேசும் பல நூல்கள் அதன் பொருளாதார அடிப்படையைக் கடந்து சென்றுவிடுகின்றன. அவருடைய மனைவி எம்மா ராவ்ஷன்பாக், ஷாஃப்ஹவுசன் நகரின் புகழ்பெற்ற கைக்கடிகார நிறுவனத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். பல்கலைக்கழக வேலையை விட்டபோதும் குடும்பம் தடுமாறவில்லை. ஏரிக்கரை வீடும், மதிய உணவுக்குப் பின் கற்களோடு அமரும் நேரமும் அவருக்குக் கிடைத்தன. ஐந்து குழந்தைகளைக் கொண்ட அந்த வீட்டின் பொறுப்பை எம்மா சுமந்தார்.

இதனால் யுங்கின் முயற்சியின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் நோயாளிகளைப் பார்ப்பவருக்கும், மாதச் சம்பளத்தில் பணியாற்றும் ஆலோசகருக்கும் இதே வழியைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. படைப்புச் செயல்பாட்டுக்கு முதல் தேவை திறமையன்று, நேரம்.

வின்னிகாட்டின் பியானோ

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், சிகிச்சையாளரின் சுமையை ஒளிவுமறைவின்றிப் பேசியவர் டொனால்ட் வின்னிகாட் (1896–1971). குழந்தை மருத்துவரான இவர், லண்டன் பேடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் 1923 முதல் 40 ஆண்டுகள் பணியாற்றினார், உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கினார். போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குழந்தைகளின் விடுதிகளில் ஆலோசகராக இருந்தார். அடங்காத சிறுவன் ஒருவனை அவரும் மனைவியும் தம் வீட்டிலேயே சில மாதங்கள் வைத்துப் பராமரித்தனர்.

இந்த அனுபவங்களின் அடிப்படையில் அவர் எழுதி 1949-இல் வெளியான கட்டுரை, கடுமையான மனநோயாளிகளைக் கவனிப்பவருக்கு அவர்கள்மீது வெறுப்பு தோன்றக்கூடும் என்று வெளிப்படையாகக் கூறியது. அந்த வெறுப்பை மறைப்பதால் தீங்கே விளையும். அதை உணர்ந்து, செயலில் காட்டாமல் தாங்கிக்கொள்வதே சிகிச்சையாளரின் கடமை என்பது அவர் கருத்து. ‘சேவை மனம் உள்ளவருக்குச் சலிப்பே வராது’ என்ற நம்பிக்கையை இக்கட்டுரை அசைத்தது.

இவ்வளவு சுமையை வின்னிகாட் எங்கே இறக்கிவைத்தார்? ஒரு நோயாளி சென்று அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் சில நிமிடங்களில் பியானோ முன் அமர்ந்து வாசிப்பது அவர் வழக்கம். நாளின் வேலை முடிந்ததும் உரத்த இசையோடு அதை நிறைவு செய்வார் என்று அவர் மனைவி கிளேர் எழுதியிருக்கிறார். குழந்தைகளோடு அவர் ஆடிய ‘கிறுக்கல் விளையாட்டு’ம் நன்கு அறியப்பட்டது. மருத்துவர் தாளில் ஒரு கோட்டைக் கிறுக்குவார். குழந்தை அதை ஏதேனும் ஒரு படமாக மாற்றும். பிறகு குழந்தை கிறுக்க, மருத்துவர் அதைப் படமாக்குவார். விளையாட முடியாத சிகிச்சையாளர் இந்தப் பணிக்குப் பொருத்தமானவர் அல்லர் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1971-இல் வெளியான ‘விளையாட்டும் மெய்ம்மையும்’ என்ற பொருள்படும் நூலில் இச்சிந்தனைகள் தொகுக்கப்பட்டுள்ளன.

மில்னரின் கோடுகள்

அதே காலத்தில் லண்டனில் வாழ்ந்த மரியன் மில்னர் (1900–1998) வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். 1926-இல் தமக்கு உண்மையில் மகிழ்ச்சி தருவது எது என்பதை அறிய அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அது 1934-இல் ஜோனா ஃபீல்ட் என்ற புனைபெயரில் நூலாக வந்தது. பள்ளிகளில் உளவியல் ஆய்வுகள் செய்த அவர், 1940களில் பயிற்சி பெற்று உளப்பகுப்பாய்வாளரானார்.

மில்னருக்கு ஓவியம் வரைய ஆசை. ஆனால் திட்டமிட்டு வரைந்தவை உயிரற்றவையாக இருந்தன. ஒருநாள் எந்த நோக்கமும் இல்லாமல் கையை அதன் போக்கில் விட்டபோது, எதிர்பாராத உருவங்கள் தாளில் வந்தன. அவற்றில் சில அச்சமூட்டின, சில சிரிப்பூட்டின. தாம் நல்லவர், பொறுமையானவர் என்று எண்ணியிருந்த ஒருவரின் கையிலிருந்து கோபமும் பயமும் கோடுகளாக வெளிவந்தன. இந்த அனுபவத்தை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1950-இல் வெளிவந்தது. ‘ஓவியம் வரைய இயலாமை பற்றி’ என்பது அதன் தலைப்பின் பொருள். அதன் இரண்டாம் பதிப்புக்கு அன்னா ஃபிராய்ட் முன்னுரை எழுதினார்.

மில்னரின் நூல் சிகிச்சையாளர்களுக்கு ஒரு பாடமாக அமைந்தது. எப்போதும் விளைவை நோக்கியே இயங்கும் மனம் வறண்டுவிடும். சில நேரம் நோக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, வருவதை வரவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரைவதற்கு உதவிய இந்தப் பொறுமை, நோயாளியின் மௌனத்தைத் தாங்குவதற்கும் உதவும் என்பதை அவர் தம் நீண்ட பணிக்காலத்தில் காட்டினார். முதுமையிலும் அவர் வண்ணத் தாள்களை ஒட்டிப் படங்கள் செய்தார். தொண்ணூறு வயதைக் கடந்தும் எழுதினார்.

ஃபிராய்டன்பெர்கரும் ஒலிநாடாவும்

யுங்கும் வின்னிகாட்டும் மில்னரும் தத்தம் வீடுகளில் கண்ட வழிகள் தனிமனித அனுபவங்களாகவே இருந்தன. சிகிச்சையாளரின் சோர்வுக்கு ஒரு பொதுப்பெயர் அமெரிக்காவில்தான் கிடைத்தது. அதைத் தந்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் (1926–1999).

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவனாகவே நியூயார்க் சென்று சேர்ந்தார். பகலில் தொழிற்சாலையில் வேலை செய்து, இரவில் கல்லூரியில் படித்து உளவியலாளரானார். 1960களின் இறுதியில் போதைப்பொருளுக்கு அடிமையான இளைஞர்களுக்காக அமெரிக்க நகரங்களில் இலவச மருத்துவ நிலையங்கள் தோன்றின. 1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் ஸ்மித் தொடங்கிய நிலையம் அவற்றில் முன்னோடி. அதைப் பார்த்து ஊக்கம் பெற்ற ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் இத்தகைய நிலையம் ஒன்றில் சம்பளமில்லாமல் பணியாற்றினார். நாள் முழுவதும் தம் சொந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் நிலையத்துக்குச் சென்று நள்ளிரவு வரை அங்கேயே இருப்பார்.

உடன் பணியாற்றிய தொண்டர்கள் சில மாதங்களில் மாறிப்போவதை அவர் கண்டார். தலைவலி, தீராத சளி, உறக்கமின்மை ஆகியவை அவர்களை வாட்டின. சிறு சொல்லுக்கும் சினம் வந்தது. நீண்ட நேரம் வேலை செய்தும் சிறிதளவே முடிந்தது. உதவி தேடி வந்தவர்களைப் பற்றியே ஏளனமாகப் பேசினர். போதைப்பொருளால் சீரழிந்தவர்களைக் குறிக்கத் தெருவில் வழங்கிய ‘பர்ன்-அவுட்’ என்ற சொல்லை இந்த நிலைக்குப் பெயராக வைத்து, 1974-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஆர்வமற்றவர்களைவிட, தம்மை முழுமையாகப் பணிக்கு ஒப்படைத்தவர்களையே இந்நிலை அதிகம் தாக்குகிறது என்று அதில் குறிப்பிட்டார்.

அவரும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. குடும்பத்தோடு விடுமுறைப் பயணம் செல்ல ஏற்பாடு செய்திருந்தபோது, புறப்பட வேண்டிய காலையில் படுக்கையை விட்டு எழ அவரால் முடியவில்லை. பயணம் நின்றுபோனது. பின்னர் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு, தம் மனத்தில் தோன்றியதை எல்லாம் பேசிப் பதிவு செய்தார். பிறகு அதைத் தம் குரலாக எண்ணாமல், அறிமுகமில்லாத ஒரு நோயாளியின் குரலாக எண்ணிக் கேட்டார். அக்குரலில் களைப்பு மட்டுமன்றிக் கோபமும் குற்றவுணர்வும் இருந்தன. தம் நிலையை அப்போதுதான் புரிந்துகொண்டார்.

இதைக் கலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் யுங்கின் ஏட்டுக்கும் மில்னரின் தாளுக்கும் இந்த ஒலிநாடாவுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. உள்ளே கிடந்ததை வெளியே ஒரு பொருளாக எடுத்துவைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது அல்லது கேட்பது மூன்றிலும் நிகழ்கிறது. நோயாளிகளுக்கு அன்றாடம் செய்ததைச் சிகிச்சையாளர் தமக்கும் செய்துகொண்டார்.

ஃபிராய்டன்பெர்கரின் பரிந்துரைகள் தனிமனித முயற்சியோடு நிற்கவில்லை. பணிகளைச் சுழற்சி முறையில் மாற்றுவது, பணி நேரத்துக்கு வரம்பு வைப்பது, விடுப்பு கொடுப்பது, அனுபவங்களைக் குழுவாக அமர்ந்து பகிர்வது ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். சோர்ந்தவரைக் குறைகூறாமல், அவர் சார்ந்த நிறுவனமே அவரைத் தாங்க வேண்டும் என்பதே அவற்றின் உட்கருத்து.

அளவுகோலும் அங்கீகாரமும்

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இத்துறையை ஆய்வுநிலைக்கு உயர்த்தினார். செவிலியர், மருத்துவர், சமூகப் பணியாளர் முதலியோரை நேர்கண்டு, 1976-இல் இதைப் பற்றி எழுதினார். சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து அவர் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. உணர்ச்சி வற்றிப்போதல், எதிரிலிருப்பவரை மனிதராகக் கருதாமல் ஒரு ‘கேஸ்’ ஆகக் கருதுதல், தம்மால் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது.

1990களில் இதனோடு தொடர்புடைய வேறு இரு கருத்துகள் வந்தன. கொடுமைக்கு ஆளானவர்களின் கதைகளைத் தொடர்ந்து கேட்பதால் சிகிச்சையாளரின் உலகப் பார்வையே இருண்டுபோவதை லிசா மெக்கேனும் லாரி ஆன் பெர்ல்மனும் 1990-இல் விளக்கினர். பரிவு காட்டுவதாலேயே ஏற்படும் களைப்பைச் சார்ல்ஸ் ஃபிக்லி 1995-இல் வெளிவந்த நூலில் விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. ஆனால் நோயாக அன்று, முறையாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே அதை வரையறுத்தது. இந்த வரையறை, பொறுப்பின் ஒரு பங்கைப் பணியிடத்தின்மீதும் வைக்கிறது.

கலைச் சிகிச்சையாளர்கள்

இந்த வரலாற்றில் கலைச் சிகிச்சையாளர்களின் நிலை தனித்தன்மை கொண்டது. ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய்க்காகச் சசெக்ஸ் பகுதியின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் தங்கியிருந்தபோது, படுக்கையிலிருந்தபடியே வரைந்து தேறினார். பிற நோயாளிகளையும் வரையச் செய்தார். ‘கலைச் சிகிச்சை’ என்ற சொல் 1942-இல் அவரிடமிருந்தே வந்தது. இங்கிலாந்தில் 1964-இலும் அமெரிக்காவில் 1969-இலும் கலைச் சிகிச்சையாளர் சங்கங்கள் உருவாயின.

கலையையே கருவியாகக் கொண்டவர்கள் சோர்வுக்கு ஆளாக மாட்டார்கள் என்று தோன்றலாம். நடந்தது வேறு. மருத்துவமனைகளில் மதிப்புப் பெறுவதற்காக அவர்கள் அறிக்கைகளிலும் நோய்க்கணிப்பிலும் மூழ்கினர். நோயாளிகளை வரையச் சொன்னவர்கள் தாங்கள் வரைவதை விட்டுவிட்டனர். அமெரிக்கக் கலைச் சிகிச்சையாளர் பாட் ஆலன் 1992-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் போக்கைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார். சொந்தக் கலைப் பயிற்சி நின்றுபோனால் பணியின் ஊற்றும் அடைபடும் என்ற அவர், சிகிச்சையாளர் நோயாளிகளோடு அமர்ந்து தாமும் படைக்க வேண்டும் என்று வாதிட்டார். சமையல்காரர் தாம் உண்ண மறந்துபோவது போன்ற நிலை அது.

இதையடுத்து, சிகிச்சை முடிந்தபின் சிகிச்சையாளர் தம் மனத்தில் தங்கியதை வரைந்து வைக்கும் ‘மறுமொழிக் கலை’ என்னும் முறை வளர்ந்தது. பார்பரா ஃபிஷ் இம்முறையை 2012-இல் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கினார். நோயாளி சொன்ன ஒரு கொடுமையை வீட்டுக்குச் சுமந்து செல்லாமல் தாளில் இறக்கிவைப்பதற்கும், ‘அவர்மீது எனக்கு ஏன் எரிச்சல் வந்தது?’ என்று தம்மையே ஆராய்வதற்கும், அந்தப் படத்தை மேற்பார்வையாளரிடம் காட்டி உரையாடுவதற்கும் இது உதவுகிறது.

ஆய்வுகள் கூறுவது

அண்மைக்கால ஆய்வுகள் இந்த அனுபவங்களுக்கு ஓரளவு ஆதரவு தருகின்றன. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், வண்ணம், தாள் ஆகியவற்றோடு வேலை செய்தனர். அவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினருக்குக் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது. முன்பே கலைப்பயிற்சி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இவர்கள் சிகிச்சையாளர்கள் அல்லர், பொதுமக்கள்.

ஹாங்காங்கில் மரணத் தறுவாயில் உள்ளவர்களைப் பராமரிக்கும் பணியாளர்களிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. 69 பேர் 6 வாரங்களில் 18 மணி நேரம் கலைவழிக் குழுப் பயிற்சி பெற்றனர். 63 பேர் 3 நாட்களில் அதே 18 மணி நேரம் வழக்கமான திறன் பயிற்சி பெற்றனர். கலைவழிக் குழுவினரிடம் சோர்வும் மரண பயமும் குறைந்தன; தம் உணர்ச்சிகளை அறியும் ஆற்றல் கூடியது. ஆனால் ஒரு குழுவுக்குப் பயிற்சி ஆறு வாரங்களாகப் பரவியிருந்தது, மற்றதற்கு மூன்று நாளில் முடிந்தது. எனவே பயன் வண்ணங்களால் வந்ததா, வாரந்தோறும் சக பணியாளர்களோடு கூடி அமர்ந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒருவேளை அவ்விரண்டும் சேர்ந்ததே மருந்தாக இருக்கலாம்.

மதிப்பீடு

ஒரு நூற்றாண்டுக்கு மேலான இந்த வரலாற்றிலிருந்து சில பொதுக்கூறுகளைத் தொகுக்கலாம்.

முதலாவது, உதவியவை பெரும்பாலும் எளிய செயல்கள். ஏரிக்கரைக் கற்கள், தாளில் கோடுகள், சில நிமிடப் பியானோ, ஓர் ஒலிநாடா ஆகியவற்றுக்கு உயர்ந்த கலைத்திறன் தேவைப்படவில்லை. இரண்டாவது, அவை பிறரின் மதிப்பெண்ணுக்கு உட்படவில்லை. நாள் முழுவதும் பொறுப்பேற்கும் ஒருவருக்கு, தவறு செய்தாலும் யாருக்கும் தீங்கு நேராத ஓர் இடம் அவற்றில் கிடைத்தது. மூன்றாவது, பேச்சைத் தொழிலாகக் கொண்டவர்களில் பலர் பேச்சல்லாத வழியை நாடினர். நான்காவது, அவை ஒருநாள் பயிற்சியாக அல்லாமல், ஆண்டுக்கணக்கில் நீடித்த பழக்கமாக இருந்தபோதே பயன் தந்தன.

படைப்புச் செயல்பாட்டின் எல்லையும் இதே வரலாற்றில் தெரிகிறது. யுங்குக்கு வசதியும் நேரமும் இருந்தன. ஃபிராய்டன்பெர்கர் தம்மை ஒலிநாடாவால் அறிந்துகொண்டபோதும், தொண்டர்களுக்குப் பரிந்துரைத்தது பணி நேர வரம்பையும் சுழற்சியையும் குழு ஆதரவையும்தான். ஒருவர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், வண்ணப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து ‘மீள்திறனை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் நிறுவனம், தன் கடமையைத் தளர்ந்தவரின் தலையிலேயே ஏற்றுகிறது. மீள்வதற்கான முயற்சி சிகிச்சையாளருடையது. அதற்கான நேரத்தை ஒதுக்கித் தருவது அவர் பணிபுரியும் நிறுவனத்தின் பொறுப்பு.